பதினான்கு நாள் விருந்தாளிகள்

அக்டோபர் பிறந்துவிட்டால் வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் மினியாபொலிஸிலிருந்து மேற்கே போகும் 94ஆம் எண் நெடுஞ்சாலையில் பிக்கப் வண்டிகள் பெருகிவிடுகின்றன. பின்பக்கத் தொட்டியில் பொம்மை வாத்துகள் திணித்த வலைப்பைகள், சேறு காய்ந்த ரப்பர் கால்சட்டைகள், ஒரு கூண்டு. கூண்டுக்குள் காற்றை முகர்ந்தபடி ஒரு லாப்ரடார். எல்லா வண்டிகளுக்கும் போகுமிடம் ஒன்றுதான்: வடக்கு டகோட்டா. மின்னசோட்டாவின் தலைநகர்ப் பகுதியிலிருந்து மாநில எல்லை ஏறக்குறைய நான்கு மணி நேரத் தொலைவு. அப்படி ஒரு வண்டியில் மூன்று பேரும் ஒரு கறுப்பு நாயும் கிளம்பினார்கள். இருவர் மைத்துனர்கள், மூன்றாமவர் பக்கத்து வீட்டுக்காரர். துப்பாக்கி, தோட்டா, உறங்கும் பை எல்லாம் முந்தைய இரவே ஏற்றியாயிற்று. வண்டி நகர்ந்த பிறகும் ஓட்டாத இருவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது கைப்பேசியை. உரிமத்தில் எழுதியிருக்கும் தேதி சரிதானா என்று பார்க்கிறார்கள்.

தேதி முக்கியம். வடக்கு டகோட்டாவுக்கு வெளியிலிருந்து வரும் ஒருவர் அங்கே வருடம் முழுக்க வாத்து சுட முடியாது. ஒரு பருவத்துக்கு அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு நீர்ப்பறவை உரிமம்; அதன் ஆயுள் 14 நாள். தொடர்ச்சியாக 14 நாள் எடுத்துக்கொள்ளலாம், அல்லது ஏழு ஏழு நாளாக இரண்டு தவணை. எந்த ஏழு என்பதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். மாநிலத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மண்டல உரிமத்தில் முதல் இரண்டு மண்டலங்களில் ஒவ்வொன்றிலும் ஏழு நாளுக்கு மேல் தங்கிச் சுட முடியாது. சமீப ஆண்டுகளின் கட்டணப்படி மண்டல உரிமம் 100 டாலர், மாநிலம் முழுக்கச் சுற்ற 150. இதற்கு மேல் பொது வேட்டை மற்றும் வாழிட உரிமம் 20 டாலர், வேட்டைச் சான்றிதழ் 2 டாலர், மத்திய அரசின் வாத்து ஸ்டாம்ப் 25 டாலர். உள்ளூர்க்காரருக்குத் தனி வாத்து உரிமம் கிடையாது. அவருடைய சிறு வேட்டை உரிமம் 10 டாலர். வாத்தும் அதற்குள் அடக்கம்.

இன்னும் இருக்கிறது. பருவம் செப்டம்பர் கடைசியில் திறக்கிறது, அது உள்ளூர்க்காரர்களுக்கு. வெளிமாநிலத்தாருக்குக் கதவு திறப்பது ஒரு வாரம் கழித்து. பிறகு அக்டோபரில் ஃபெசன்ட் பறவை வேட்டைப் பருவம் தொடங்கும் முதல் ஏழு நாள், மாநில வேட்டைத் துறையின் நிலங்களிலும், அத்துறை விவசாயிகளுக்குப் பணம் கொடுத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருக்கும் நிலங்களிலும் வெளியூர்க்காரர் கால்வைக்கக் கூடாது. பந்தியில் வீட்டார் சாப்பிட்ட பிறகுதான் விருந்தாளிக்கு இலை. நம் ஊர் வழக்கத்துக்கு நேர் எதிர்.

ஃபெர்கஸ் ஃபால்ஸைத் தாண்டியதும் நிலம் மெல்ல மெல்லத் தட்டையாகிறது. அந்தப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் குட்டைகளால் நிறைந்திருந்தது. கடைசிப் பனியுகத்துப் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது, மண்ணுக்குள் புதைந்த பனிக்கட்டிகள் உருகி விட்டுச்சென்ற பள்ளங்கள் அவை. வேளாண்மை பெருகப் பெருக, மண்ணுக்கடியில் குழாய் பதித்து நீரை வடித்துவிட்டார்கள். மேற்கு மின்னசோட்டாவின் புல்வெளிக் குட்டைகளில் பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போயிற்று என்பது அங்கே எல்லோரும் அறிந்த கணக்கு. வடக்கு டகோட்டாவும் தன் ஈரநிலத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்த மாநிலம்தான். ஆனால் மீதிப் பாதி இருக்கிறது. மின்னசோட்டாவில் வாத்து வேட்டை நடக்காமல் இல்லை. இருந்தும் அதன் வேட்டைக்காரர்கள் எல்லை தாண்டிப் போவதற்குப் பெரிய காரணம் இந்தப் பாதிதான். தங்கள் வீட்டுக் குட்டையை வற்றவைத்துவிட்டு அண்டை வீட்டுக் குட்டைக்கு வருகிறார்கள் என்று டகோட்டாக்காரர்கள் குத்திக்காட்டுவதில் உண்மை இல்லாமலில்லை.

மூர்ஹெட்டைக் கடந்து ரெட் ஆற்றுப் பாலத்தில் ஏறினால் ஃபார்கோ. வடக்கு நோக்கி ஓடும் ஆறு அது. இரு கரைகளிலும் மேசைபோல் சமமாக இருக்கும் கருமண், அகசீ என்ற பனியுக ஏரியின் அடித்தரை. அக்டோபரில் இங்கே சர்க்கரைக் கிழங்கு அறுவடை. லாரிகள் இரவும் பகலும் கிழங்கு சுமந்து போகும்; சாலையில் விழுந்த சேற்றுக்கட்டிகளைத் தவிர்த்து வண்டி ஓட்டுவதே ஒரு கலை. இந்தச் சமவெளியில் வாத்து தேடிப் பயனில்லை. இன்னும் மேற்கே போக வேண்டும்.

பாலத்தின் இரு பக்கமும் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள், ஒரே அலைவரிசையில் கால்பந்து கேட்பவர்கள். ஆனால் 2004இல் ஒரு மாநிலம் இன்னொன்றின் மேல் வழக்குப் போட்டது, வாத்துக்காக. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2002இல், வடக்கு டகோட்டா ஆளுநர் ஜான் ஹோவன் வெளிமாநில வாத்து வேட்டைக்காரர்களின் எண்ணிக்கைக்கு 30,000 என்று உச்சவரம்பு வைத்திருந்தார். மண்டலங்கள், நாள் கணக்கு, தாமதத் தொடக்கம் எல்லாமாகச் சேர்ந்து மின்னசோட்டாக்காரர்களுக்கு எரிச்சல் மூட்டின. அம்மாநில அட்டர்னி ஜெனரல் மைக் ஹேட்ச் நீதிமன்றம் போனார். மேற்கு மின்னசோட்டாவின் நாடாளுமன்ற உறுப்பினரும் வேட்டைக்காரருமான காலின் பீட்டர்சனும் வழக்கில் சேர்ந்துகொண்டார். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைத் தடுக்கிறார்கள், சக அமெரிக்கக் குடிமகனைப் பாரபட்சமாக நடத்துகிறார்கள் என்பது வாதம்.

வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. வாத்து யாருடையது என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1920இலேயே பதில் சொல்லியிருக்கிறது. வலசைப் பறவைகளைக் காக்க அமெரிக்கா 1916இல் கனடாவின் சார்பில் பிரிட்டனுடன் ஒப்பந்தம் செய்து 1918இல் சட்டமும் இயற்றியது. மிசௌரி மாநிலம் அதை எதிர்த்தது: எங்கள் எல்லைக்குள் இருக்கும் பறவை எங்கள் சொத்து என்றது. நீதிபதி ஹோம்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று இங்கே, அடுத்த வாரம் ஆயிரம் மைலுக்கு அப்பால் என்று பறக்கும் ஒன்றின் மேல் ஒரு மாநிலம் சொந்தம் கொண்டாடுவது நிற்காது என்ற திசையில் தீர்ப்பு போயிற்று. அதனால்தான் ஒரு நாளைக்கு எத்தனை வாத்து, துப்பாக்கியில் எத்தனை தோட்டா, எப்போது முதல் எப்போது வரை என்பதற்கெல்லாம் வெளிவரம்பு போடுவது வாஷிங்டன்.

ஆனால் பறவை பொதுச்சொத்து என்றால் அதைச் சுடும் வாய்ப்பும் பொது என்று ஆகிவிடாது. மோன்டானா மாநிலம் எல்க் மான் வேட்டைக்கு வெளியூர்க்காரர்களிடம் பல மடங்கு கட்டணம் வாங்கியதை எதிர்த்து வந்த வழக்கில், 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வேட்டை ஒரு பொழுதுபோக்கு, பிழைப்புக்கான உரிமை அன்று, மாநிலம் தன் மக்களுக்கு முன்னுரிமை தரலாம். அந்த வழக்கைத் தொடுத்தவர்களிலும் மின்னசோட்டாக்காரர்கள் இருந்தார்கள் என்பது ஒரு வேடிக்கை. பின்னால் 2002இல் மேற்கு மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, வெளியூர் வேட்டைக்காரர்களுக்கு அரிசோனா வைத்த பத்து சதவீத வரம்பைக் கேள்விகேட்டு, இந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. மாநிலங்கள் பதறின. நெவாடாவின் செனட்டர் ஹாரி ரீட் 2005இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். வேட்டையிலும் மீன்பிடிப்பிலும் உள்ளூர்–வெளியூர் என்று பிரிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று நாடாளுமன்றமே எழுதிக்கொடுத்துவிட்டது. மின்னசோட்டாவின் வழக்கு முதலில் மாவட்ட நீதிமன்றத்தில் விழுந்தது. 2006இல் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் விழுந்தது.

அதோடு அந்தச் சண்டை முடிந்தது. முணுமுணுப்பு முடியவில்லை. வண்டியில் வந்த மூவரில் மூத்தவர், பாலத்தைக் கடக்கும்போது ஒவ்வொரு வருடமும் ஒரே வசனத்தைச் சொல்வாராம்: "பாஸ்போர்ட்டை எடுத்து வெச்சுக்கங்கப்பா."

ஜேம்ஸ்டவுனில் பெட்ரோல் போட வண்டி நின்றது. 1959இல் கட்டிய, 26 அடி உயரக் கான்கிரீட் காட்டெருமை ஊருக்கு மேலே நிற்கிறது. வழிப்போக்கர்கள் அதன் காலடியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கிருந்து வடக்கே 281ஆம் எண் சாலையில் திரும்பியதும் நிலத்தின் முகம் மாறுகிறது. குட்டைகள். பாதிக் கிலோமீட்டருக்கு ஒன்று, சில இடங்களில் அதற்கும் நெருக்கமாக, கோரைப்புல் விளிம்போடு. புல்வெளிக் குட்டைப் பகுதி என்று உயிரியலாளர்கள் அழைப்பது இதைத்தான். ஐயோவாவிலிருந்து கனடாவின் ஆல்பர்ட்டா வரை நீளும் இந்தப் பட்டையில்தான் வட அமெரிக்க வாத்துகளில் ஏறக்குறையப் பாதி குஞ்சு பொரிக்கின்றன. 1955 முதல் மே மாதங்களில் உயிரியலாளர்களே விமானம் ஓட்டித் தாழப் பறந்து குட்டைகளையும் வாத்துகளையும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பருவம் எத்தனை நாள், ஆளுக்கு எத்தனை வாத்து என்று முடிவாகிறது.

நம்மூர் வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்துக்கும் குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்து இங்கேயும் உண்டு. அதே இனம், வந்து சேரும் வழி மட்டும் வேறு. நம்மூருக்கு வருபவை வட ஆசியாவிலிருந்து வருகின்றன, இங்குள்ளவை மெக்சிகோ வளைகுடா வரை இறங்குகின்றன. இனத்தின் எண்ணிக்கை சரிந்திருந்ததால் பல ஆண்டுகள் அமெரிக்காவில் ஆளுக்கு நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு என்றே வைத்திருந்தார்கள். 2025 பருவத்தில் அதை மூன்றாக்கினார்கள்.

சாலையோரம் ஒரு பலகை தென்பட்டது. அதன் பின்னே சின்னக் குட்டையும் புல்லும். மத்திய அரசுக்குச் சொந்தமான நீர்ப்பறவை உற்பத்தி நிலம். இதை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த விவகாரத்தில் பலரும் மறந்துபோவது.

1934இல், புழுதிப் புயலும் வறட்சியும் வாத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்த காலத்தில், வாத்து வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் ஸ்டாம்ப் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. முதல் ஸ்டாம்பை வரைந்தவர் 'டிங்' டார்லிங் என்ற கார்ட்டூனிஸ்ட். அரசியல்வாதிகளைக் கிண்டலடித்தே பேர் வாங்கியவர், அப்போது அரசின் உயிரியல் துறைத் தலைவராகவும் உட்காரவைக்கப்பட்டிருந்தார். இப்போது விலை 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இதுவரை 60 லட்சம் ஏக்கருக்கு மேல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் படத்துக்குப் போட்டி வைக்கிறார்கள்; 1949 முதல் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். மின்னசோட்டாவின் ஹாட்மன் சகோதரர்கள் மூவர் மாற்றி மாற்றி அதை ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, சாலையோரக் குட்டையை வாங்கிய பணத்தில் மின்னசோட்டாக்காரர் பணமும் டெக்சாஸ்காரர் பணமும் கலந்திருக்கிறது. குட்டைக்குப் பணம் கேட்கும்போது நாடு முழுக்க. சுடுவதற்கு இடம் கேட்டால் மாநில எல்லை. வெளியூர்க்காரரின் மனத்தாங்கலுக்கு வேர் இங்கே.

உள்ளூர்க்காரரின் பக்கம் நின்று பார்த்தால் வேறு காட்சி. வடக்கு டகோட்டாவில் ஒரு பழைய வழக்கம் சட்டமாகவே இருக்கிறது: 'நுழையாதே' பலகை இல்லாத தனியார் நிலத்தில் கேட்காமலே வேட்டையாடலாம். 2021 முதல் பலகைக்குப் பதிலாக இணையத்திலேயே நிலத்தை அடைத்துப் பதிவுசெய்யவும் வழி வந்திருக்கிறது. வெளியூர்க் கூட்டம் பெருகப் பெருக, பலகைகளும் பெருகின. பணம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு அழைத்துப்போகும் வழிகாட்டி நிறுவனங்கள் வயல்களைக் குத்தகைக்கு எடுத்தன. தாத்தா காலத்திலிருந்து ஒரே குட்டையில் சுட்டவன் ஒரு நாள் காலையில் அங்கே வேறு மாநில நம்பர் பிளேட்டைப் பார்த்தான். 1985 பண்ணைச் சட்டத்தில் பிறந்த நிலப் பாதுகாப்புத் திட்டத்தில் 2007 வாக்கில் 30 லட்சம் ஏக்கருக்கு மேல் புல்லாகக் கிடந்தது. மக்காச்சோள விலை ஏறியதும் அதில் பெரும்பகுதி மறுபடி உழப்பட்டது. ஆள் கூடுகிறார்கள், இடம் குறைகிறது. சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் பிஸ்மார்க்கில் கூடுகிறது. கூடும்போதெல்லாம் வெளியூர் வேட்டைக்காரர் பற்றி ஏதாவது ஒரு மசோதா வந்துவிடுகிறது. இரு தரப்புக்கும் நடுவில் சிற்றூர் விடுதிக்காரரும் கஃபேக்காரரும் கையைப் பிசைகிறார்கள். அக்டோபர் வருமானம் அவர்களுக்குப் பெரிது.

மாலை நான்கு மணிக்குக் கேரிங்டனைத் தாண்டி மூவரும் நோட்டம் பார்க்க இறங்கினார்கள். வேட்டையின் பாதி இதுதான். மைலுக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்ட சரளைச் சாலைகள். மணிக்கு முப்பது மைலில் ஊர்ந்தபடி பைனாகுலரில் வானத்தைத் துழாவ வேண்டும். அறுத்து முடித்த பட்டாணி வயல் ஒன்றின் மேல் மல்லார்டு வாத்துகள் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தன. முன்னால் இருப்பவை மேய, பின்வரிசை அவற்றின் தலைக்கு மேலே பறந்து முன்னால் போய் அமர்ந்தது. வயல் முழுவதும் மெல்ல உருண்டு நகர்வதுபோல் இருந்தது. வேலியோரம் பலகை. கைப்பேசி வரைபடத்தில் நிலத்துக்காரர் பெயர் கிடைத்தது. கதவைத் தட்டப் போனவர் இளையவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியை எங்கே நிறுத்துவோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குப் போய்விடுவோம் என்று சொன்னார். வாசலில் நின்ற பெரியவர் நம்பர் பிளேட்டை ஒருமுறை பார்த்தார். "வைக்கோல் உருளைப் பக்கம் வண்டியை விடாதீங்க. கேட்டைச் சாத்திட்டுப் போங்க." அவ்வளவுதான் அனுமதி.

காலை ஐந்து மணிக்கு வயலில் உறைபனி. பொம்மைகளைத் தலைவிளக்கு வெளிச்சத்தில் பரப்பி, வைக்கோல் செருகிய கித்தான் படுக்கைகளில் மூவரும் மல்லாந்தார்கள். துப்பாக்கியில் மூன்றுக்கு மேல் தோட்டா போக முடியாதபடி கட்டை செருகியிருக்க வேண்டும். வாத்து வேட்டையில் ஈயக் குண்டு 1991 முதல் நாடு முழுக்கத் தடை. குட்டை அடியில் கிடக்கும் ஈயத்தைத் தின்று வாத்துகள் விஷமேறிச் செத்ததால் இரும்பு போன்ற நச்சில்லாத குண்டுதான். சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து சுடலாம். அதற்கு ஒரு நிமிடம் முந்தினாலும் வேட்டைக் காவலர் கேஸ் போடுவார். நாளுக்கு ஆறு வாத்து, அதில் மல்லார்டு ஐந்து, பெட்டை இரண்டுக்கு மேல் கூடாது. வெளிச்சம் வந்ததும் முதல் கூட்டம் காற்றுக்கு எதிரே சிறகை வளைத்து இறங்கியது. வெடிச்சத்தம் அடங்கியதும் நாய் ஓடிப்போய், பச்சைத் தலை ஆண் ஒன்றை இறகு கலையாமல் வாயில் கவ்விவந்து, எஜமானர் கை நீட்டும்வரை காத்திருந்தது.

ஒன்பது மணிக்கு முன்பே முடிந்தது. பறவைகளைச் சுத்தம் செய்யும்போதும் ஒரு சிறகு உடலோடு விட்டிருந்தார்கள். வீடு போய்ச் சேரும்வரை எந்த இனம் என்று அடையாளம் தெரிய வேண்டும் என்பது விதி. அக்கம்பக்கத்து வயல்களில் இரண்டு குழுக்கள், இரண்டும் உள்ளூர் வண்டிகள். இரு தரப்புக்கும் ஆறு வாத்துதான். வடக்கு டகோட்டா வெளியூர்க்காரரின் வாத்தைக் குறைக்கவில்லை, நாளைக் குறைத்திருக்கிறது. சண்டை பறவைக்காக அல்ல, நிற்கும் இடத்துக்காக என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது தாராளம்கூட. தெற்கு டகோட்டா, 1940களின் பிற்பகுதியிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டு, வெளியூர்க்காரர் வாத்து சுடுவதையே தடைசெய்திருந்தது. இன்றும் குலுக்கலில்தான் உரிமம் தருகிறது, எண்ணி எண்ணி. ஆர்கன்சாஸில் பொது வேட்டைக்காடுகளுக்குள் போக வெளியூர்க்காரருக்குத் தனிச் சீட்டு. தெற்கு டகோட்டாக் குலுக்கலில் பெயர் விழாதவன் ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டும். பதினான்கு நாள் என்பது யாரையும் வாசலில் நிறுத்திவிடாத கணக்கு. ஸ்டாம்ப் பணத்தில் வாங்கிய நிலத்தில் மட்டுமாவது முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் ஒரே தேதி வைத்திருந்தால் அது இன்னும் நியாயமாக இருந்திருக்கும்.

அமெரிக்காவில் வேலைக்கும் படிப்புக்கும் போயிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. விலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். காகிதம் கையில் இல்லாமல் நண்பரின் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள். 1961 டிசம்பர் 31க்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருந்தால்தான் வடக்கு டகோட்டாவில் உரிமம். தேதியை முடிவுசெய்த பிறகு விடுதி அறை போடுங்கள். சுடும் எண்ணமே இல்லாதவர்கள் பைனாகுலரோடு போகலாம். அதற்கு நாள் கணக்கும் இல்லை, மண்டலமும் இல்லை. அப்போதும் அந்த 25 டாலர் ஸ்டாம்பை வாங்கிக்கொள்வது லாபம்: நுழைவுக் கட்டணம் வாங்கும் தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் அந்த ஆண்டு முழுக்க அதுவே உங்கள் டிக்கெட்.